கம்பைல் ஆனது, ஓடவில்லை: மூலநிரலிலிருந்து நிறுவும்போது யார் எங்கே தேடுகிறார்கள்?

உபுண்டு 22.04 என்ற லினக்ஸ் இயங்குதளம் உள்ள ஒரு மடிக்கணினி. ஸ்கேன் செய்த தமிழ்ப் பக்கங்களை எழுத்தாக மாற்ற டெசராக்ட் என்ற நிரல் வேண்டும். உபுண்டுவின் பொதி நிறுவியான ஆப்ட் வழியாக நிறுவினால் கிடைப்பது பதிப்பு 4.1.1. டெசராக்ட் 5.0.0 வெளியானது 2021 நவம்பர் 30 அன்று. உபுண்டு 22.04 அதற்குப் பிறகுதான் வந்தது, ஆனாலும் அதில் இருப்பது பழைய பதிப்பே. கோயில் மலர்களையும் சங்க ஆண்டு மலர்களையும் மின்னாக்கம் செய்யும் தொண்டூழியர்களும், பலதுறைத் தொழிற்கல்லூரியில் இறுதியாண்டுத் திட்டப்பணி செய்யும் மாணவர்களும் மூலநிரலை இறக்கித் தாங்களே கட்டிக்கொள்ளலாம் (கணினி ஓட்டக்கூடிய நிரலாக மாற்றிக்கொள்ளலாம்) என்று இறங்குவது பெரும்பாலும் இப்படித்தான்.

வழிகாட்டிகள் எல்லாம் மூன்று கட்டளைகளைச் சொல்கின்றன: கான்ஃபிகர் (கணினியைச் சோதிப்பது), மேக் (கட்டுவது), மேக் இன்ஸ்டால் (நிறுவுவது). மூன்றும் பிழையின்றி ஓடிவிட்டால் சொல்ல ஒன்றுமில்லை. ஓடாதபோது திரையில் கொட்டும் வரிகளைப் பார்த்து நிரலில்தான் ஏதோ கோளாறு என்று பலரும் நினைத்துவிடுகிறார்கள். வெளியான பதிப்பு ஒன்றைக் கட்டும்போது நிரலில் கோளாறு இருப்பது அரிது. ஒரு கருவி ஒரு கோப்பைத் தேடுகிறது. கோப்பு இருக்கும் இடம் அந்தக் கருவியின் தேடல் பட்டியலில் இல்லை. நூற்றுக்கணக்கான பிழைச் செய்திகளுக்குப் பின்னால் இருப்பது பெரும்பாலும் இது ஒன்றுதான்.

தேடுபவர்கள் ஆறு பேர். கான்ஃபிகர் நிரல், எந்தெந்த லைப்ரரி (பல நிரல்கள் பகிர்ந்து பயன்படுத்தும் ஆயத்த நிரல் தொகுப்பு) இருக்கிறது என்று தேடுகிறது. மூலநிரலைக் கணினியின் மொழிக்கு மாற்றும் கம்பைலர், லைப்ரரியில் என்னென்ன உண்டு என்று சொல்லும் ஹெட்டர் கோப்புகளைத் தேடுகிறது. கம்பைல் ஆன துண்டுகளை இணைக்கும் லிங்கர், லைப்ரரிக் கோப்பைத் தேடுகிறது. நிறுவி முடித்து ஓடவிடும்போது லோடர் அதே லைப்ரரியை மறுபடி தேடுகிறது. ஷெல், நாம் தட்டிய கட்டளையின் கோப்பைத் தேடுகிறது. கடைசியில் நிரலே தன் தரவுக் கோப்புகளைத் தேடுகிறது. ஆறு பேரிடமும் இருப்பது ஒரே பட்டியல் இல்லை. அதனால்தான் ஒருவர் கண்டுபிடித்ததை அடுத்தவர் காணோம் என்கிறார். பிழை வந்ததும் கேட்கவேண்டிய முதல் கேள்வி, இப்போது தேடுவது இவர்களில் யார் என்பதே.

(கட்டளைகளையும் கோப்புப் பெயர்களையும் இங்கே ஒலிப்பில் எழுதியிருக்கிறோம். கணினியில் ஆங்கிலத்தில் தட்டவேண்டும்.)

கட்டத்தான் வேண்டுமா?

ஆப்ட் தரும் பதிப்பு போதுமென்றால் அதையே பயன்படுத்துங்கள். இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. ஆப்ட் நிறுவியதற்குப் பாதுகாப்புத் திருத்தம் தானாக வந்து சேரும். நாமே கட்டியதற்கு வராது. கட்டிய நாளில் இருந்த ஓட்டை, மறுபடி கட்டும் வரை அப்படியே இருக்கும். உபுண்டு 24.04-க்கு மாறினால் டெசராக்ட் 5.3.4 கிடைக்கிறது, டெபியன் 12-இல் 5.3.0. இயங்குதளத்தை மேம்படுத்துவதே சில சமயம் சுருக்கமான வழி. புதிய பதிப்புதான் வேண்டும், அல்லது தொகுப்பில் அணைத்து வைத்த ஒரு வசதி வேண்டும், அல்லது நிரலில் கைவைக்க வேண்டும் என்றால் மூலநிரலுக்குப் போகலாம்.

மூலத்தை எங்கே எடுப்பது என்பதிலேயே முதல் பிழை நேரலாம். நிரலின் மாற்ற வரலாற்றைக் காக்கும் கிட் களஞ்சியத்தை நகலெடுத்தால் அதில் கான்ஃபிகர் கோப்பு இருக்காது. கிட் களஞ்சியங்களுக்கான இணையதளமான கிட்ஹப் ஒவ்வொரு வெளியீட்டுக்கும் தானாகத் தயாரித்துத் தரும் ‘சோர்ஸ் கோட்’ தொகுப்பும் அப்படித்தான். ஆட்டோஜென் என்ற நிரலை முதலில் ஓட்டினால்தான் கான்ஃபிகர் பிறக்கும். சில திட்டங்கள் கான்ஃபிகரைத் தயாரித்து உள்ளே வைத்து, கையொப்பமிட்ட டார் தொகுப்பாகவும் (பல கோப்புகளை ஒன்றாகக் கட்டிய கோப்பு) வெளியிடுகின்றன. அது வசதியானது, ஆனால் கிட்டில் இருப்பதும் டார் தொகுப்பில் இருப்பதும் ஒன்றேதான் என்று நம்பிவிடக் கூடாது. 2024 மார்ச் 29 அன்று வெளிப்பட்ட, எக்ஸ்இசட் என்ற கோப்புச் சுருக்கக் கருவியின் விவகாரம் அங்கேதான் நடந்தது. 5.6.0, 5.6.1 ஆகிய இரு பதிப்புகளின் டார் தொகுப்புகளில், கிட்டில் இல்லாத ஒரு எம்4 கோப்பு (கான்ஃபிகரைத் தயாரிக்க உதவுவது) இருந்தது. சோதனைக் கோப்புகளுக்குள் ஒளித்து வைத்த தீநிரலைக் கட்டும் வேளையில் வெளியே எடுத்துச் சேர்ப்பது அதன் வேலை. வேறு கணினிக்குள் தொலைவிலிருந்து நுழைய உதவும் எஸ்எஸ்எச் நுழைவு ஏறக்குறைய அரை விநாடி தாமதமாவதைக் கவனித்துத் துருவிப் பார்த்தவர் ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட். அந்தத் தொகுப்புகளில் பராமரிப்பாளரின் முறையான கையொப்பமே இருந்தது என்பதை மறக்கக் கூடாது. கையொப்பத்தைச் சரிபார்க்கும் ஜிபிஜி சோதனை, அனுப்பியவர் யார் என்பதை மட்டும் உறுதி செய்யும். உள்ளே என்ன இருக்கிறது என்பதற்கு அது பொறுப்பேற்காது. சோதனையைக் கட்டாயம் செய்யுங்கள், அதோடு எல்லாம் முடிந்தது என்று எண்ணாதீர்கள்.

டெசராக்டுக்குக் கிட் நகலே போதும். முழு வரலாறும் வேண்டாம். டெப்த் 1 என்றும், பிராஞ்ச் என்ற இடத்தில் 5.3.4 போன்ற வெளியீட்டுக் குறியையும் கொடுத்தால் இறக்கம் சிறிதாகும். மெயின் கிளையை அப்படியே எடுத்தால் இன்று காலை யாரோ சேர்த்த பாதி வேலையும் கூடவே வரும்.

லைப்ரரி இருக்கிறது, ஆனால் இல்லை

டெசராக்ட் படங்களைப் படிக்க லெப்டோனிகா என்ற லைப்ரரியை நம்பியிருக்கிறது. ஆப்ட் வழியாக முன்பே டெசராக்ட் போட்டிருந்தால் லெப்டோனிகாவும் கணினியில் இருக்கும். ஆனாலும் கான்ஃபிகர், லெப்டோனிகா 1.74 அல்லது அதற்கு மேல் வேண்டும் என்று சொல்லி நின்றுவிடும். இதில் குழம்பாதவர் குறைவு.

காரணம் எளிது. உபுண்டு 22.04-இல் லெப்டோனிகா இரண்டு பொதிகளாக வருகிறது. லிப்லெப்ட்5 என்பதில் லிப்லெப்ட்.எஸ்ஓ.5 இருக்கிறது. ஏற்கெனவே கட்டி முடித்த நிரல் ஓட அது போதும். லிப்லெப்டோனிகா-டெவ் என்பதில் ஹெட்டர்கள், லைப்ரரி எங்கே இருக்கிறது என்று சொல்லும் பிகேஜி-கான்ஃபிக் கருவி படிக்கும் லெப்ட்.பிசி என்ற சிறு குறிப்புக் கோப்பு, எண் இல்லாத லிப்லெப்ட்.எஸ்ஓ என்ற இணைப்பு ஆகிய மூன்றும் உள்ளன. கான்ஃபிகர் தேடுவது லெப்ட்.பிசியை. கம்பைலர் தேடுவது ஆல்ஹெட்டர்ஸ்.எச் என்ற ஹெட்டரை. லிங்கர் தேடுவது எண் இல்லாத .எஸ்ஓ கோப்பை. மூன்றும் டெவ் பொதியில்தான். ஓடுவதற்கு வேண்டியதும் கட்டுவதற்கு வேண்டியதும் வேறு வேறு. ஃபெடோராவில் இதே பொதிகளின் பெயர் டெவெல் என்று முடியும்.

ஆக, உபுண்டு 22.04-இல் முதலில் போடவேண்டியவை: ஜி++, மேக், கிட், ஆட்டோமேக், லிப்டூல், பிகேஜி-கான்ஃபிக், லிப்லெப்டோனிகா-டெவ். அங்கே கிடைக்கும் லெப்டோனிகா 1.82, கம்பைலர் ஜிசிசி 11. டெசராக்ட் 5 கேட்கும் சி++17-க்கு அது தாராளம். ஒவ்வொன்றாகத் தேடிப் போட விருப்பமில்லை என்றால் ‘ஆப்ட் பில்ட்-டெப் டெசராக்ட்’ என்று ஒரே கட்டளையில் முடிக்கலாம். ஆனால் அதற்கு, மூலப் பொதிகள் கிடைக்கும் இடத்தைச் சொல்லும் டெப்-எஸ்ஆர்சி வரிகள் திறந்திருக்க வேண்டும். 22.04-இல் அவை சோர்சஸ்.லிஸ்ட் கோப்பில் முன்னால் # போட்டு மூடப்பட்டிருக்கும். 24.04-இல் உபுண்டு.சோர்சஸ் என்ற கோப்பில் ‘டெப்’ என்ற சொல்லுக்குப் பக்கத்தில் ‘டெப்-எஸ்ஆர்சி’ என்று சேர்க்கவேண்டும்.

பிகேஜி-கான்ஃபிக்கை விட்டுவிட்டு ஆட்டோஜென் ஓட்டினால் ஒரு விசித்திரமான பிழை வரும். கான்ஃபிகர் கோப்பின் எங்கோ ஒரு வரியில் ‘லெப்டோனிகா,’ என்ற சொல்லருகே இலக்கணப் பிழை என்று சொல்லும். லெப்டோனிகாவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஆட்டோஜென் ஓடிய வேளையில் பிகேஜி-கான்ஃபிக்கின் மேக்ரோ (நிரல் வரிகளாக விரியும் சுருக்கச் சொல்) கிடைக்கவில்லை, அதனால் அது விரியாமல் அப்படியே கோப்பில் தங்கிவிட்டது. பிகேஜி-கான்ஃபிக்கை நிறுவிவிட்டுக் கான்ஃபிகரை மட்டும் மறுபடி ஓட்டினால் அதே பிழைதான் வரும். ஆட்டோஜென்னிலிருந்து தொடங்க வேண்டும்.

கான்ஃபிகர் நின்றுவிட்டால் கான்ஃபிக்.லாக் கோப்பைத் திறக்கச் சொல்வார்கள். திறந்ததும் கடைசி வரியைப் பார்ப்பது இயல்பு, அங்கே ஒன்றும் இருக்காது. கோப்பின் கடைசிப் பகுதி முழுக்க மாறிகளின் பட்டியல். ‘கேஷ் வேரியபிள்ஸ்’ என்ற தலைப்பைத் தேடிப் பிடித்து, அதற்குச் சற்று மேலே பாருங்கள். கான்ஃபிகர் எந்தச் சிறு நிரலைக் கம்பைல் செய்து பார்த்தது, எந்தக் கட்டளையால், கம்பைலர் என்ன சொன்னது என்ற மூன்றும் அங்கே இருக்கும். திரையில் வந்தது சுருக்கம்தான், உண்மைக் காரணம் இந்தக் கோப்பில் இருக்கிறது.

சத்தமில்லாத ‘நோ’

நிற்கும் கான்ஃபிகரால் நட்டம் குறைவு. நிற்காமல் ஓடிவிடும் கான்ஃபிகரைத்தான் கவனமாகப் படிக்க வேண்டும். லைப்ரரிகளில் கட்டாயம், விருப்பம் என்று இரண்டு வகை உண்டு. கட்டாயமானது இல்லையென்றால் கான்ஃபிகர் நின்றுவிடும். விருப்பமானது இல்லையென்றால் நூற்றுக்கணக்கான வரிகளுக்கு நடுவே ‘நோ’ என்று ஒரு சொல்லை அச்சடித்துவிட்டு மேலே போகும்.

லெப்டோனிகாவையும் மூலத்திலிருந்து கட்டுபவர்களுக்கு இது அடிக்கடி நேர்கிறது. பிஎன்ஜி, ஜேபெக், டிஃப் லைப்ரரிகளின் டெவ் பொதிகள் இல்லாமலே லெப்டோனிகா ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் கம்பைல் ஆகும், நிறுவப்படும். டெசராக்டும் அதன்மேல் கட்டப்பட்டுவிடும். முதல் பிஎன்ஜி படத்தைக் கொடுக்கும்போதுதான் ‘ஃபங்க்ஷன் நாட் பிரசென்ட்’ என்று செய்தி வரும். பிஎன்ஜி படிக்கும் பகுதி இருக்கவேண்டிய இடத்தில், ‘நான் இல்லை’ என்று மட்டும் சொல்லும் வெற்றுச் செயல்கூறு ஒன்று உட்கார்ந்திருக்கிறது. இந்தச் செய்தி வரும்போது கம்பைல் செய்து பல நாள் ஆகியிருக்கலாம்; அதனால் படம்தான் கெட்டுவிட்டது என்று படத்தையே மாற்றி மாற்றிப் பார்ப்பார்கள்.

இதைச் சோதிக்க ஒரு கட்டளை போதும்: ‘டெசராக்ட் --வெர்ஷன்’. பதிப்பு எண்ணுக்குக் கீழே லெப்டோனிகாவின் எண், அதற்கும் கீழே ஒரே வரியில் லிப்ஜேபெக், லிப்பிஎன்ஜி, லிப்டிஃப், ஸீலிப் எனச் சேர்க்கப்பட்ட பட லைப்ரரிகள் ஒவ்வொன்றும் தன் எண்ணோடு வரும். அந்த வரியில் லிப்பிஎன்ஜி இல்லையென்றால் பிஎன்ஜி படிக்காது. டெவ் பொதிகளைப் போட்டு, லெப்டோனிகாவின் கான்ஃபிகரை மறுபடி ஓட்டி, மீண்டும் கட்டி நிறுவவேண்டும். டெசராக்டை மட்டும் மறுபடி கட்டிப் பயனில்லை.

பயிற்சிக் கருவிகளிலும் இதே கதை. எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய ணா, றா, னா, ணை, லை, ளை, னை வடிவங்களில் அச்சான பழைய நூல்களை, இன்றைய எழுத்தில் பயிற்சி பெற்ற டெசராக்டின் மொழி மாதிரியால் சரியாகப் படிக்க முடிவதில்லை. அந்த வடிவங்களைக் கொண்ட எழுத்துருவால் பக்கங்களை உருவாக்கி மாதிரிக்கு மேற்பயிற்சி தரவேண்டும். அதற்கான கருவிகள் ஐசியூ, பாங்கோ, கெய்ரோ ஆகிய மூன்று லைப்ரரிகளின் டெவ் பொதிகளும் இருந்தால்தான் கட்டப்படும். இல்லையென்றால் பயிற்சிக் கருவிகள் கட்டப்படமாட்டா என்ற எச்சரிக்கையோடு கான்ஃபிகர் ‘வெற்றி’ பெற்றுவிடும். கான்ஃபிகர் முடிந்ததும் கடைசி 40 வரிகளை நிதானமாகப் படிப்பதற்கு இரண்டு நிமிடம் ஆகும். அதைச் செலவிடுங்கள்.

மேக்: நினைவகமும் சூடும் கடிகாரமும்

மேக் என்ற கருவியை 1976-இல் பெல் ஆய்வகத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் எழுதினார். இன்றும் அது கோப்புகளின் நேரத்தை ஒப்பிட்டுத்தான் எதை மறுபடி கட்டுவது என்று முடிவு செய்கிறது. அதனால் கணினியின் கடிகாரம் தவறாக இருந்தால் மேக் தடுமாறும். ராஸ்பெரி பை 4-இல் பேட்டரி வைத்த கடிகாரம் கிடையாது. வலைத்தொடர்பு கிடைத்து நேரம் சரியாவதற்குள் வேலையைத் தொடங்கினால் ‘க்ளாக் ஸ்க்யூ’ எச்சரிக்கை வரும். சில கோப்புகள் கட்டப்படாமலே விடுபடலாம். நேரத்தைச் சரிசெய்து, ‘மேக் க்ளீன்’ கொடுத்து, முதலிலிருந்து கட்டுவதே பாதுகாப்பு.

‘மேக் -ஜே’ போட்டு எண்ணைக் கொடுத்தால் அத்தனை வேலைகள் ஒரே சமயத்தில் ஓடும். செயலி மையங்களின் எண்ணிக்கையாக என்ப்ராக் கட்டளை சொல்லும் எண்ணை அப்படியே போடுவது வழக்கம். நினைவகம் நிறைய இருந்தால் சரி. சி++ கோப்பு ஒன்றைக் கம்பைல் செய்யச் சில நூறு எம்பி நினைவகம் பிடிக்கலாம். 1 ஜிபி உள்ள சிறு கணினியில் ஜே4 என்றால் இடம் பற்றாது. லினக்ஸ் கெர்னல் கம்பைலரைக் கொன்றுவிடும். திரையில் ‘கில்டு’ என்ற சொல்லும் சிசி1பிளஸ் என்ற பெயரும் தெரியும். நிரலில் எந்தப் பிழையும் இல்லை. கெர்னலின் பதிவுகளைக் காட்டும் டிமெஸ்ஜி கட்டளையில் ‘அவுட் ஆஃப் மெமரி’ என்று பதிவாகியிருப்பதைப் பார்த்து உறுதி செய்துகொள்ளலாம். ஜே1 அல்லது ஜே2 என்று குறைத்து மறுபடி மேக் கொடுத்தால் விட்ட இடத்திலிருந்து தொடரும்.

சிங்கப்பூர் வீடுகளில் பிற்பகலில் அறையே 31, 32 பாகையில் இருக்கும். எல்லா மையங்களும் முழு மூச்சாக உழைக்கும் கம்பைல் வேலைக்கு அது மோசமான தொடக்கப் புள்ளி. ராஸ்பெரி பை 4 ஏறக்குறைய 80 பாகையைத் தொட்டதும் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். பிழை வராது, மெதுவாகும். விசிறி இல்லாத மூடிய பெட்டிக்குள் வைத்திருந்தால் கழற்றி வெளியே வையுங்கள். ‘இன்டர்னல் கம்பைலர் எரர்’ என்று வந்தால் கதை வேறு. மறுபடி ஓட்டிப் பாருங்கள். அதே கோப்பில் அதே வரியில் நின்றால் கம்பைலரில் கோளாறு; ஒவ்வொரு முறையும் வேறு வேறு இடத்தில் நின்றால் நினைவகச் சில்லையோ சூட்டையோ சந்தேகிக்கவேண்டும்.

பல வேலைகள் ஒன்றாக ஓடும்போது பிழை வரி நடுவில் எங்கோ புதைந்துவிடும். கடைசி வரிகள் மற்ற வேலைகளின் மிச்சம். எண் இல்லாமல் ‘மேக்’ என்று மட்டும் மறுபடி கொடுங்கள். கட்டியவை கட்டியபடி இருக்கும். உடைந்த கோப்பு மட்டும் தனியாக ஓடி, பிழை கடைசியில் வந்து நிற்கும். உதவி கேட்கும்போது முதல் பிழையை அனுப்புங்கள்; அதற்குப் பின் வரும் 50 வரிகள் பெரும்பாலும் அதன் விளைவுகளே.

நிறுவியபின் தொடங்கும் தேடல்

சுடோ என்ற நிர்வாகி அதிகாரம் வேண்டியது மேக் இன்ஸ்டாலுக்கு மட்டுமே. மேக்குக்கும் சுடோ போட்டால் கட்டும் அடைவில் ரூட் என்ற நிர்வாகிக்குச் சொந்தமான கோப்புகள் முளைக்கும். அடுத்த முறை சாதாரணப் பயனராகக் கட்டும்போது எழுத அனுமதி இல்லை என்று நிற்கும்.

எங்கே நிறுவுவது என்று சொல்லும் பிரிஃபிக்ஸ் எதையும் கான்ஃபிகருக்குக் கொடுக்காவிட்டால் எல்லாம் /யூஎஸ்ஆர்/லோக்கல் அடைவுக்குப் போகும். இது சும்மா வைத்த பெயர் இல்லை. /யூஎஸ்ஆர் ஆப்ட்டின் வீடு, /யூஎஸ்ஆர்/லோக்கல் நம் வீடு. ஆப்ட் நம் வீட்டில் கைவைக்காது, நாமும் அதன் வீட்டில் கைவைக்கக் கூடாது. பிரிஃபிக்ஸை /யூஎஸ்ஆர் என்று மாற்றச் சொல்லும் வழிகாட்டிகளை ஒதுக்கிவிடுங்கள். ஆப்ட்டின் கோப்பை நாம் அழித்து எழுதுவோம், அடுத்த மேம்பாட்டில் ஆப்ட் நம்முடையதை அழித்து எழுதும்.

நிறுவியாயிற்று. டெசராக்ட் என்று தட்டினால், லிப்டெசராக்ட்.எஸ்ஓ.5 என்ற லைப்ரரியைத் திறக்க முடியவில்லை என்று வருகிறது. கோப்பு /யூஎஸ்ஆர்/லோக்கல்/லிப் அடைவில் கண்ணெதிரே இருக்கிறது. லிங்கர் கண்டுபிடித்ததை லோடர் காணவில்லை. லோடர் ஒவ்வொரு முறையும் அடைவுகளைத் துழாவுவதில்லை, முன்பே தயாரித்து வைத்த ஒரு பட்டியலைப் பார்க்கிறது. அந்தப் பட்டியலைப் புதுப்பிப்பது ‘சுடோ எல்டிகான்ஃபிக்’. உபுண்டுவிலும் டெபியனிலும் அது போதும், /யூஎஸ்ஆர்/லோக்கல்/லிப் ஏற்கெனவே அதன் தேடலில் உண்டு. ஃபெடோராவில் இல்லை, /ஈடிசி/எல்டி.எஸ்ஓ.கான்ஃப்.டி அடைவில் அந்தப் பாதையை எழுதிய ஒரு கோப்பு வைத்து, பிறகு எல்டிகான்ஃபிக் ஓட்டவேண்டும். எல்டிடி என்ற கட்டளையிடம் நிரலின் பாதையைக் கொடுத்தால் எந்த லைப்ரரி எங்கிருந்து வருகிறது என்று வரி வரியாகச் சொல்லும். இரண்டு லெப்டோனிகா இருக்கும் கணினியில், கட்டும்போது ஒன்றையும் ஓடும்போது மற்றொன்றையும் பிடித்துக்கொள்ளும் சிக்கல் இங்கேதான் கண்ணுக்குத் தெரியும்.

அடுத்தது ஷெல். புதிதாக நிறுவியபின்னும் பதிப்பு 4.1.1 என்றே காட்டுகிறதா? முன்பு ஒரு முறை ஓட்டிய /யூஎஸ்ஆர்/பின் பாதையை பாஷ் என்ற ஷெல் நினைவில் வைத்திருக்கிறது. ‘ஹேஷ் -ஆர்’ அந்த நினைவை அழிக்கும். ‘டைப் -ஏ டெசராக்ட்’ கொடுத்தால் எத்தனை டெசராக்ட் எங்கெங்கே இருக்கின்றன, முதலில் வருவது எது என்று தெரியும். லைப்ரரி எண்கள் 4, 5 என்று வேறாக இருப்பதால் இரண்டும் ஒரே கணினியில் சண்டையின்றி இருக்கலாம்.

கடைசித் தேடல், மொழித் தரவு. மூலத்திலிருந்து கட்டிய டெசராக்டோடு எந்த மொழியும் வராது, ஆங்கிலம் உட்பட. டாம்.ட்ரெய்ன்டுடேட்டா என்ற தமிழ்க் கோப்பை இறக்கி /யூஎஸ்ஆர்/லோக்கல்/ஷேர்/டெஸ்டேட்டா அடைவில் வைக்கவேண்டும். ஃபாஸ்ட், பெஸ்ட் என்று இரண்டு தொகுப்புகள் உண்டு. ஃபாஸ்ட் முழு எண்களால் ஆனது, வேகம் கூட. பெஸ்ட் மெதுவானது, ஆனால் மேற்பயிற்சி தரவேண்டுமானால் அதையே எடுக்கவேண்டும். கிட்ஹப் பக்கத்தின் முகவரியை அப்படியே வேறு கருவிக்குக் கொடுத்து இறக்கினால், அந்தப் பெயரிலேயே ஒரு எச்டிஎம்எல் பக்கம் சேமிக்கப்படும். டெசராக்ட் ‘தமிழை ஏற்ற முடியவில்லை’ என்று மட்டும் சொல்லும். ‘ஃபைல்’ கட்டளையால் கோப்பு என்ன வகை என்று பார்த்தால் உடனே பிடிபடும். ‘ரா’ இணைப்பைத்தான் இறக்கவேண்டும். டெஸ்டேட்டா_பிரிஃபிக்ஸ் என்ற சூழல் மாறியைப் பற்றிய பழைய குறிப்புகளையும் நம்பாதீர்கள். 3-ஆம் வரிசையில் அது டெஸ்டேட்டாவின் தாய் அடைவைச் சுட்டியது. 4-இலிருந்து டெஸ்டேட்டா அடைவையே சுட்டவேண்டும். எல்லாம் சரியென்றால் ‘--லிஸ்ட்-லாங்ஸ்’ பட்டியலில் தமிழ் தெரியும். நம்மூர் அறிக்கைகளில் தமிழும் ஆங்கிலமும் கலந்தே வரும் என்பதால் மொழியை ‘டாம்+இங்’ என்று கொடுப்பது நல்லது.

கட்டிய அடைவை உடனே அழிக்காதீர்கள். ‘மேக் அன்இன்ஸ்டால்’ அங்கிருந்துதான் ஓடும், கான்ஃபிகருக்குக் கொடுத்த விருப்பங்களும் கான்ஃபிக்.லாக்கின் தொடக்கத்தில் பதிவாகியிருக்கின்றன. இடம் வேண்டுமென்றால் அந்த ஒரு கோப்பையாவது பத்திரப்படுத்துங்கள்.

சிமேக் என்ற மற்றொரு கட்டுமானக் கருவியால் கட்டும் திட்டங்களிலும் ஆறு தேடல்களும் உண்டு, பெயர்தான் வேறு. அங்கே கவனிக்கவேண்டியவை இரண்டு. முதலாவது, ஒரு முறை சோதித்துக் கிடைத்த பதிலை சிமேக்கேஷ் கோப்பில் எழுதி வைத்துக்கொள்ளும். லைப்ரரியை நிறுவியபின்னும் பழைய பதிலையே சொல்லலாம். பில்ட் அடைவை முழுவதும் அழித்துவிட்டுத் தொடங்குங்கள். இரண்டாவது, வீட்டு அடைவில் நிறுவும்போது, லைப்ரரி எங்கே என்று நிரலுக்குள் எழுதியிருக்கும் குறிப்பை சிமேக் இயல்பாக நீக்கிவிடும். பில்ட் அடைவில் ஓடியது நிறுவியபின் ஓடாமல் போவது இதனால்தான். சிமேக்_இன்ஸ்டால்_ஆர்பாத் என்ற மாறியில் பாதையைக் கொடுத்தால் தீரும். பைத்தான் மொழியின் பொதி நிறுவியான பிப் வழி நிறுவலில் பைத்தான்.எச் இல்லை என்று வரும் பிழையும் இதே குடும்பம்தான். அங்கே வேண்டியது பைத்தான்3-டெவ்.

தமிழ்-சிங்கப்பூர் என்ற கோப்பு

மூலத்திலிருந்து கட்டும் வழக்கம் எதற்கு உதவும் என்பதற்கு நம் ஊரிலிருந்தே ஒரு சின்ன எடுத்துக்காட்டு. லினக்ஸில் நாள், எண், பணம் ஆகியவற்றை எப்படி எழுதுவது என்று சொல்லும் லோக்கேல் கோப்புகள் ஜிலிப்சி என்ற அடிப்படை லைப்ரரியுடன் வருகின்றன. ஆங்கிலம்-சிங்கப்பூர் உண்டு, சீனம்-சிங்கப்பூர் உண்டு. தமிழுக்கு இந்தியாவும் இலங்கையும் மட்டுமே. தமிழை இணையத்தில் ஏற்ற நா. கோவிந்தசாமி உழைத்த ஊர் இது. 2000-இல் தமிழ் இணைய மாநாடு நடந்து, உத்தமம் என்ற உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றம் உருவான ஊர். தமிழை ஆட்சிமொழியாகக் கொண்ட இந்நாட்டுக்குரிய வரி அந்தப் பட்டியலில் இல்லாதது நமக்கு உறுத்தவேண்டும். இந்தியத் தமிழைத் தேர்ந்தால் பணத்தொகை ரூபாய்க் குறியோடு வரும், ஒரு லட்சம் வெள்ளி 1,00,000 என்று பிரியும். நமக்கு வேண்டியது டாலர் குறியும் 100,000-மும்.

லோக்கேலுக்கும் மூலநிரல் உண்டு. அது சாதாரண எழுத்துக் கோப்பு, அதைக் கம்பைல் செய்வது லோக்கேல்டெஃப். /யூஎஸ்ஆர்/ஷேர்/ஐ18என்/லோக்கேல்ஸ் அடைவிலுள்ள டிஏ_ஐஎன் கோப்பை, /யூஎஸ்ஆர்/லோக்கல்/ஷேர்/ஐ18என்/லோக்கேல்ஸ் என்ற அடைவை உருவாக்கி, டிஏ_எஸ்ஜி என்ற பெயரில் நகலெடுங்கள். எல்சி_மானிட்டரி என்று தொடங்கி அதன் எண்ட் வரியில் முடியும் பகுதிக்குள் இருப்பதை நீக்கிவிட்டு, காப்பி "ஈஎன்_எஸ்ஜி" என்று ஒரே வரி எழுதுங்கள். எல்சி_நியூமரிக், எல்சி_டெலிஃபோன் பகுதிகளிலும் அப்படியே. கிழமை, மாதப் பெயர்கள் இருக்கும் எல்சி_டைம் பகுதியைத் தொடவேண்டாம்; அங்கேதான் தமிழ் இருக்கிறது. மேலே அடையாளப் பகுதியில் நாட்டுப் பெயரை மாற்றுங்கள். பிறகு /ஈடிசி/லோக்கேல்.ஜென் கோப்பில் ‘டிஏ_எஸ்ஜி.யூடிஎஃப்-8 யூடிஎஃப்-8’ என்ற வரியைச் சேர்த்து, சுடோவோடு லோக்கேல்-ஜென் ஓட்டுங்கள். எண்ட் வரியை விட்டுவிட்டாலோ மேற்கோள் குறி வளைந்த குறியாக ஒட்டிக்கொண்டாலோ வரி எண்ணோடு பிழை வரும்.

கோப்பை ஏன் /யூஎஸ்ஆர்/லோக்கலில் வைத்தோம் என்பது இப்போது புரியும். /யூஎஸ்ஆர்/ஷேரில் வைத்திருந்தால் ஆப்ட்டின் வீட்டில் நம் பொருள் கிடக்கும். இங்கே இருந்தால் அடுத்த ஜிலிப்சி மேம்பாட்டின்போதும் லோக்கேல்-ஜென் இதை எடுத்துக் கட்டிக்கொள்ளும். எல்சி_ஆல் மாறியில் டிஏ_எஸ்ஜி.யூடிஎஃப்-8 என்று கொடுத்து ‘லோக்கேல் -கே எல்சி_மானிட்டரி’ என்று கேளுங்கள். எஸ்ஜிடி என்று நாணயக் குறியீடு வரும். அதே மாறியோடு ‘டேட்’ தட்டினால் கிழமை தமிழில் வரும்.